தூது போகாத கிளி



தமிழ்க் கவிதையில் கிளி பறந்த தொலைவு மிக நீண்டது. ஐங்குறுநூற்றில் கபிலர் கிள்ளைக்கென்றே ஒரு பத்தினை ஒதுக்கினார். தினைக்கதிரைக் கொய்யும் கிளி குறவர்க்குப் பகை. அதனைக் கடிவதற்காகத் தலைவி புனம் காக்க வருவதால் தலைவனுக்கோ அதுவே உறவு. அங்கே அது விரட்டப்படும் கிளி, அடைக்கப்பட்ட கிளியன்று. பின்னாளில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர்பால் விடுத்ததும் கிள்ளையைத்தான். தூது போவதற்குச் சொல் மட்டும் போதாது, சிறகும் வேண்டும்.

செந்தார்ப் பைங்கிளி எனப்படும் நம் பச்சைக்கிளியின் கழுத்தில் தோன்றும் செந்நிற ஆரம் ஆணுக்கே உரியது. அதுவும் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் நிறைவுறும். பட்ட பனையிலோ முதிர்ந்த மரத்திலோ உள்ள பொந்தே அதன் வீடு. பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரை நான்கைந்து முட்டையிட்டு, மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் பொந்தை விட்டுப் பறக்க மேலும் ஆறேழு வாரங்கள் ஆகும். பிடிப்பவரின் கை பொந்தில் நுழைவது அந்த வாரங்களில்தான். கூட்டமாய் வாழ்ந்து ஓயாது குரல் பரிமாறும் பறவை அது. தனித்து அடைபட்டபின் மனிதக் குரலையே தன் இனத்தின் குரலாகக் கொண்டு பயில்கிறது. கிளி பேசுகிறது என்று வியக்கிறோம். துணை தேடுகிறது என்பதே பொருத்தம்.

செங்கற்பட்டு வட்டாரம் பறவையோடு வாழ்ந்த மண். வேடந்தாங்கல் ஊரார் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. 1798இல் அக்காப்புரிமையை ஆட்சியர் லயனல் பிளேஸ் ஆணையாகவே வழங்கினார். மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே மலைமேல் படைத்த சோற்றை உண்ண இரு கழுகுகள் நண்பகலில் தாமே வந்து, தாமே சென்றன. 1990களின் இறுதியோடு அவ்வருகை நின்றுவிட்டது. சாலை கடலைத் தொடும் மாமல்லபுரத்திலோ, சிற்பங்களைக் காண வருவோரை எதிர்நோக்கிக் கிளிசோதிடர் விரிப்பு விரிப்பது பல்லாண்டு வழக்கம். சிறகு கத்தரிக்கப்பட்ட கிளி பெட்டியை விட்டு வெளிவந்து, ஓர் அட்டையை உருவித் தந்து, ஒரு நெல்மணியைப் பெற்று, மீண்டும் உள்ளே போகிறது. பிறருக்கு எதிர்காலம் சொல்லும் கிளியின் நாளை, அப்பெட்டியின் அளவே.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாட்டுப் பறவைகளின் வணிகம் 1990–91 முதல் தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணையில் வைத்துள்ளது. 2024 தேர்தல் வேளையில் கடலூர்ப் பகுதியில் ஒரு கிளிசோதிடர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தபோதுதான் பலர் இச்சட்டத்தையே அறிந்தனர். அவர் தொழிலும் வயிற்றுக்கானதே. அன்பின் பெயரால் மாடத்தில் கூண்டு தொங்கவிடும் இல்லத்தாரையும் சட்டம் விலக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

கதவைத் திறந்துவிடுவது மட்டும் விடுதலையாகாது. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும். கையூட்டில் வளர்ந்தது இரை தேடவும் பகைக்கு அஞ்சவும் பழக வேண்டும். ஆதலின் வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை. அதனினும் மேலானது, பொந்துள்ள பட்டமரத்தை வெட்டாது விடுதல்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. கூண்டுக்கிளியின் கொஞ்சுமொழியை அழகென்று பாடிப் பாடி அக்கூண்டை இனிதாக்கியதில் பாட்டுக்கும் பொறுப்பில்லையா? திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் அமரும் கிளி, நாள்தோறும் இலைகளால் புதிதாய்ப் புனையப்படுகிறது. மாதுளம்பூவே அதன் அலகு. கிளியின்மேல் காதல் கொள்ளக் கூண்டு வேண்டியதில்லை என்பதற்கு அவ்விலைக்கிளியே சான்று.