படைக்குச் சம்பளம் கொடுத்தது யார்?



சர்வாதிகாரி பக்கத்து நாட்டின் மேல் ஏன் பாய்கிறான்? இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் 'மண்ணாசை' என்ற விடைதான் அதிகம். மண்ணாசை எல்லா அரசருக்கும் உண்டு; எல்லாரும் படையெடுத்துவிடவில்லை. எனக்கு அந்த விடை போதவில்லை.

நாம் கூடியிருக்கும் மஞ்சக்குட்டைக்கு மேற்கே, சேர்வராயன் மலைக்கு அப்பால் தொப்பூர்க் கணவாய்; பாராமகாலிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வழி. 1792 வரை இரு பக்கமும் மைசூர் ஆட்சி. அதனால் ஹைதர் அலியிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஹைதர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். படையில் சேர்ந்து, தளபதியாகி, 1761இல் மைசூரின் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். உடையார் மன்னரை நீக்கவில்லை. அரண்மனைக்குள் வைத்து, தசராவுக்கு மட்டும் ஊருக்குக் காட்டினார். பிறப்புரிமை இல்லாதவருக்குப் படைதான் உரிமைப் பத்திரம். படைக்கோ சம்பளம் தவறக் கூடாது. தவறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பள பாக்கிக்காக மைசூர்ப் படை கலகம் செய்தபோது, அதைத் தீர்த்துவைத்துத்தான் அவரே மேலே வந்தார். 1763இல் பேதனூரைப் பிடித்ததும் பெரும் கருவூலம் கிடைத்தது. படை பெருத்தது, செலவும் பெருத்தது. 1766இல் மலபார்.

ஹைதரின் மகன் திப்புவின் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1789 டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். அரணில் ஒரு பகுதி, தமக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் மண்ணில் நிற்கிறது என்றார்; கொடுங்கல்லூர்க் கோட்டையை டச்சுக்காரர் திருவிதாங்கூருக்கு விற்றது செல்லாது என்றார். சொல்லாதவைதான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. மலபாரிலிருந்து தப்பிய அரச குடும்பங்களும் நாயர்களும் திருவிதாங்கூரில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். தன் பிடிக்குத் தப்பியவனுக்குச் சோறு போடும் அண்டை நாட்டை எந்தத் தனியாட்சியும் பொறுக்காது. பிறகு, இதோ வெளியே சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கிறதே, அந்த மிளகு! திப்பு மலபாரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு கிடைக்காமல் தடுத்தார். திருவிதாங்கூர் அரசு விற்றுக்கொண்டிருந்தது.

திருவிதாங்கூருக்காகக் கம்பெனி போரில் இறங்கியது; திப்புவின் கணக்கு தப்பியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாதி நாடு போயிற்று; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், இரண்டு மகன்கள் பிணை. சேலமும் பாராமகாலும் கம்பெனிக்கு வந்தன. கேப்டன் ரீடும் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஒரு படை இருந்ததல்லவா?

1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோதும் இதே நெருக்கடிதான். எட்டாண்டு ஈரான் போர் விட்டுப்போன கடன். கலைத்தால் வேலை கொடுக்க முடியாத பெரும்படை. சரியும் எண்ணெய் விலை. கடன் கொடுத்த குவைத்தே எண்ணெயை அளவுக்கு மீறி எடுத்து விலையை இறக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அங்கே பிழைக்கப் போன நம்மவர்கள் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் வந்திறங்கியது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

திப்புவைச் சர்வாதிகாரி என்று சொல்லலாமா என்று பிற்பகல் அமர்வில் சண்டை வரும். வரட்டும், அதற்குத்தானே கூடியிருக்கிறோம். கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: ஆளின் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், அவர் கருவூலத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.