அடுப்பின் ‘டிக் டிக்’ நிற்கவில்லையா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கேஸ் அடுப்பு பற்றவைத்த பிறகும், ஏன், மூடிய பிறகும் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருப்பதாகப் பல வீடுகளில் சொல்கிறார்கள். பேட்டரியிலோ கரண்டிலோ தானாகப் பற்றும் அடுப்புகளில் வரும் தொல்லை இது.

முதலில் ஒரே ஒரு கேள்வி: கேஸ் வாடை வருகிறதா? வந்தால், அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. நாப்களையும் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பக்கத்து வீட்டாரைக் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். காலிங் பெல் வேண்டாம். வெளியே வந்த பின் 1906-க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கான அவசர எண் அது.

வாடை இல்லையென்றால் பதற வேண்டாம். அந்தச் சத்தம் மின்பொறியின் சத்தம்தான்.

வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் உடனே எல்லா வவுச்சரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால், 63-ஐ 36 என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அடுப்பிலும் அறிகுறியைப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

நாபை மூடிய பிறகும் சத்தம் வந்தால், பெரும்பாலும் நாபுக்கு அடியில் உள்ள சின்ன ஸ்விட்ச்தான் காரணம். பொங்கிய பாலோ, துடைத்த தண்ணீரோ உள்ளே இறங்கியிருக்கும். நாபை அழுத்தியிருப்பதாகவே அடுப்பு நினைத்துக்கொள்கிறது.

சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால், பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது பர்னர் ஓரத்தில் நிற்கும் வெள்ளைப் பீங்கான் முனையில் அழுக்கோ ஈரமோ இருக்கிறது. சத்தம் மெதுவாக, விட்டுவிட்டு வந்தால் பேட்டரி தீர்ந்து வருகிறது. ஒரு நாபை அழுத்தினால் எல்லா பர்னரிலும் பொறி வருவது பல அடுப்புகளில் இயல்பு, அது பழுதல்ல.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பு ஆறட்டும். ரெகுலேட்டரை மூடி, பிளக்கையோ பேட்டரியையோ எடுத்துவிடுங்கள். பர்னர் மூடியைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். அடைத்த துளைகளை ஊக்கால் குத்திவிடலாம். பீங்கான் முனையை உலர்ந்த பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள், அழுத்தினால் உடைந்துவிடும். நாபை நேராக மேலே இழுத்தால் பல அடுப்புகளில் வந்துவிடும். அடியில் துணியால் ஒற்றி, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

சமையல் நிற்காது. பிளக்கைக் கழற்றியிருந்தாலும் பெரும்பாலான அடுப்புகளை லைட்டரால் பற்றவைக்கலாம். லைட்டரைப் பர்னர் அருகில் கொண்டுபோன பிறகே நாபைத் திருப்ப வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், ஸ்விட்சையோ பொறி தரும் பெட்டியையோ மாற்ற வேண்டியிருக்கும். அதை அடுப்புக் கம்பெனியின் மெக்கானிக்கிடம் விடுங்கள். நாமே கண்ணாடியைத் தூக்கிப் பிரிக்க வேண்டாம்.

நம் குடியிருப்பில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் உண்டு. ரெகுலேட்டரை மூடத் தெரியுமா என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டு, தெரியாவிட்டால் செய்து காட்டுங்கள்.