அவருக்கும் ஓர் இடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இலக்கியமும் நட்பும்’ என்பது. இத்தலைப்பைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவோர் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரையொருவர் நேரில் காணாமலே உள்ளம் கலந்தவர்கள். சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து அந்தப் புலவர் வருவார் என்று மற்றவர்கள் நம்பவில்லை. அரசனோ தன் அருகில் அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னான். அவரும் வந்தார். புறநானூறு காட்டும் இச்செய்தியை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். நானும் பலமுறை பேசியிருக்கிறேன். ஆயினும் அதில் வியப்புக்குரியது புலவர் வந்தது மட்டுமன்று, அவர் வருவதற்கு முன்பே இடம் வைக்கப்பட்டது என்பதை என் அறுபதாவது வயதில்தான் உணர்ந்தேன். அதை உணர்த்திய நிகழ்ச்சியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். அது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நம் வட்டத்துக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கணிப்பொறியில் தமிழ் எழுதுவதே ஒரு வித்தையாக இருந்த காலம். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. எனினும் எங்களைப் போன்றோர் 2002-இல் புழங்கியது ‘திஸ்கி’ என்னும் குறியீட்டு முறையில்தான். அதற்குரிய எழுத்துரு ஒருவர் கணிப்பொறியில் இல்லையென்றால், நாம் அனுப்பிய வெண்பா அவருக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியலாகப் போய்ச் சேரும்.

அந்தக் காலத்தில் யாகூ நிறுவனத்தின் குழும வசதியைக் கொண்டு ஒன்பது பேர் வெண்பாப் பழகினோம். மதுரையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்; அவர்தாம் எங்கள் எல்லோருக்கும் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழ்ந்த அக்கா ஒருவர். சிங்கப்பூரில் இருவர், கோவையில் ஒருவர், சென்னையில் இருவர், வங்கிப் பணியில் திருச்சியில் நான். ஒன்பதாமவர் தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கர்.

ஐயா வியாழன் இரவு ஓர் ஈற்றடி கொடுப்பார். ஞாயிறு இரவுக்குள் மற்றவர்கள் வெண்பாவை முடித்தனுப்ப வேண்டும். காளமேகப் புலவர் காலத்திலிருந்து நம் மரபில் வழங்கும் விளையாட்டுத்தான் இது. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்னும் மூன்று விதிகளை மனத்தில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவோம்; வங்கியில் ரூபாய்க் கட்டுகளை எண்ணும்போதும் அசை பிரிப்போம். நாங்கள் எவரும் பெருங்கவிஞர் அல்லர். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஒரே அடியை ஒன்பது பேர் நான்கு நாடுகளில் சிந்தித்துக்கொண்டிருந்தோம். அதுவும் ஒருவகைக் கூடி வாழ்தல்தானே!

தோஹா நண்பருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மட்டும் ஊருக்குள் சென்று, மணிக்கணக்குக்குக் கட்டணம் செலுத்தும் கணிப்பொறிக் கடையில் அமர்ந்து எழுதி அனுப்புவார். 2004-ஆம் ஆண்டில் அப்படி அவர் அனுப்பிய ஒரு வெண்பாவில் இரண்டாம் அடியில் காய்ச்சீரை அடுத்து நிரையசை வந்துவிட்டது. வெண்பாவில் கலித்தளை புகுந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டுவது தவறன்று. ஆனால் நான் சுட்டிக்காட்டவில்லை; சாடினேன். “யாப்பறியாதவர் வெண்பாவின் வாசலை மிதிக்காதிருப்பதே தமிழுக்குச் செய்யும் தொண்டு” என்று எட்டுப் பேரும் காணும்படி எழுதினேன். அதை எழுதி முடித்தபோது எனக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. பிறகு வரவேயில்லை.

திருக்குறளின் எண்பத்தோராம் அதிகாரம் ‘பழைமை’. நெடுநாள் பழகியவர்கள் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தல் பற்றி அங்கே வள்ளுவர் பேசுகிறார். என் செயலுக்கு அதை அரணாக்கிக்கொள்ள நான் முயன்றதுண்டு. ஆனால் அந்த உரிமை பழக்கத்தால் விளைவது. நானோ விளைவதற்கு முன்பே அறுவடை செய்தவன்.

ஆண்டுகள் ஓடின. குழுமம் 2008 அளவில் ஓசையின்றி அடங்கியது. பிள்ளைகளின் படிப்பு, பணி மாற்றம், புதிய முகநூல் மோகம் என ஆளுக்கொரு காரணம். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்த எழுத்துகள் அனைத்தையும் அவ்வாண்டு டிசம்பரில் அழித்துவிடப் போவதாக யாகூ அறிவித்தது. டொராண்டோ அக்கா தம்மிடமிருந்த பழைய முகவரிகள் அனைத்துக்கும் மடல் அனுப்பினார். பாதி மடல்கள் திரும்பின. கிடைத்த ஐந்து பேர் 2020-இல், ஊரடங்கில் வீடு அடங்கிக் கிடந்த நாள்களில், வாட்ஸ்அப்பில் மீண்டும் ஒன்றுகூடினோம்.

முதல் வாரம் திருவிழாப் போலிருந்தது. இரண்டாம் வாரம் பேரக் குழந்தைகளின் படங்கள். மூன்றாம் வாரம் சர்க்கரை நோய்க்குக் கைமருந்து. மூன்றாம் மாதத்தில் காலை வணக்கப் படங்களைத் தவிர வேறொன்றுமில்லை. பழைய நண்பர்கள் பழையதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது எத்துணை விரைவில் தீர்ந்துபோகிறது என்பதை அப்போது கண்டேன். நினைவு என்பது சேமிப்பு. எடுக்க எடுக்கக் குறையும். சேர்ந்து செய்யும் தொழில்தான் வரவு.

அதை முதலில் உணர்ந்தவர் ஐயா. ஒரு வியாழன் இரவு, முன்னறிவிப்பு ஏதுமின்றி ஓர் ஈற்றடியை இட்டார். மறுநாள் விடிவதற்குள் மூன்று வெண்பாக்கள் வந்துவிட்டன! டொராண்டோ அக்கா பாட்டோடு தாம் அன்று போட்ட இருபத்தொரு புள்ளிக் கோலத்தையும் படமெடுத்து அனுப்பினார். சிங்கப்பூர் நண்பர் இத்தனை ஆண்டுகளில் புல்லாங்குழல் பயின்றிருந்தார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி மலேயாவுக்குப் பிழைக்கச் சென்றார், கி. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். அவ்விருவர் நட்பில் இசையும் இலக்கியமும் நீங்காத இடம் பெற்றிருந்தன. நலம் விசாரிப்பது ஒரு வரியில் முடிந்துவிடும்; ஒரு கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுத்த கடிதத்துக்கும் செய்தி மிச்சமிருக்கும்.

2021 மே மாதம் ஐயா ஓர் ஈற்றடி தந்தார்:

மறந்தார்போல் வந்த மழை.

அதற்கு நாங்கள் வெண்பா எழுதும் முன்பே அவர் நோயுற்றார். பெருந்தொற்றின் இரண்டாம் அலை அது. பத்தாம் நாள் அவர் இல்லை. அந்த அடியை முடிக்க எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. அது அப்படியே நின்றது.

அவர் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது அவருடைய பழைய மடல்களைத் தொகுக்க எண்ணினேன். 2008-இல் நான் ஒரு குறுந்தகட்டில் பதிந்து வைத்தவை அவை. திறந்தால் ஒரு சொல்லும் புரியவில்லை. தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ரோமன் எழுத்துகளே வரிவரியாக நின்றன. திஸ்கி எழுத்துருவை என் புதிய கணிப்பொறி அறியாது. என் தங்கை மகன் ஒரு மாற்றியின் உதவியால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தான். ஒரு நிமிடத்தில் தமிழ் எழுந்து வந்தது. அதனுடன் என் கடிதமும் வந்தது.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் என் சொற்களை நானே பிறர் எழுத்தைப் போலப் படித்தேன். அதற்கு மறுநாள் ஐயா எனக்கு மட்டும் எழுதிய தனி மடலும் அங்கே இருந்தது. படித்த நினைவே எனக்கில்லை. அதில் அவர் கேட்டிருந்தார்: “தளை தட்டியதைச் சொன்னீர், சரி. முடியாத கட்டடத்தின் நிழலில் நின்று, அதில் ஒருநாளும் குடியிருக்கப் போகாதவர்கள் தேநீர் குடிக்கிறார்களே, அந்தக் காட்சியைக் கண்டீரா? அதை ஏன் சொல்லவில்லை? அவருக்கு ஒரு வரி எழுதும்.”

நான் எழுதவில்லை. பதினெட்டு ஆண்டுகள் எழுதவில்லை.

அன்றிரவு தோஹா நண்பரின் பழைய முகவரிக்கு எழுதினேன். காரணம் எதுவும் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டேன். ஐயா மறைந்த செய்தியைத் தெரிவித்தேன். அந்தத் தேநீர்க் காட்சியைப் பற்றி, அன்று எழுதியிருக்க வேண்டியதை, இப்போது எழுதினேன். பத்தொன்பதாம் நாள் மறுமொழி வந்தது. அவர் ஊர் திரும்பி அருப்புக்கோட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர் எழுதியதில் ஒரு பகுதியை அவர் இசைவோடு இங்கே சொல்கிறேன்: “அண்ணே, உங்களை மட்டும் இழந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு தளைக்காக எட்டுப் பேரை இழந்தேன். வெள்ளிக்கிழமைகளை இழந்தேன். அதற்கப்புறம் அந்த ஊரில் விடுமுறை நாள்தான் எனக்கு நீளமாக இருந்தது.”

அன்பர்களே, மன்னித்தேன் என்று அவர் எழுதவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் தகுதி உடையவனல்லன். ஆனால் குழுவில் சேர்ந்தார். பாட்டு எழுதவில்லை, “அதை விட்டுவிட்டேன்” என்றார். கடைக் கணக்குத் தாளின் பின்புறத்தில் பேனாவால் வரைந்த சிறு ஓவியங்களை அனுப்பினார். தராசு, சணல் சாக்கு, படியில் படுத்திருக்கும் நாய். எழுதும்படி ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு வியாழனும் ஈற்றடி வந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் ஓவியம் வந்தது. அவருடைய இடம் அங்கே இருந்தது.

2023 ஐப்பசியில் ஒருநாள் இரவு அவரிடமிருந்து ஓவியம் வரவில்லை. இரண்டு வரி வந்தது. ஐயா விட்டுச் சென்ற அடிக்கு ஒரு குறள் வெண்பா:

திறந்த கதவருகே தேடியெனை யின்று
மறந்தார்போல் வந்த மழை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டவுடன் என் விரல்கள் தாமாக அசை பிரிக்கத் தொடங்கின. புளிமா முன் நிரை, காய் முன் நேர், மா முன் நிரை. தளை ஓரிடத்தும் தட்டவில்லை. பிறகுதான் பொருளைப் படித்தேன். படித்தபோது விரல்கள் நின்றுவிட்டன. இந்த வரிசையைத்தான் 2004-இல் நான் தலைகீழாக வைத்திருக்க வேண்டும்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விதி இல்லையேல் அந்த ஒன்பது பேரும் ஒன்றுசேர்ந்திருக்கவே மாட்டோம். ஆடுகளத்துக்குக் கோடு வேண்டும். ஆனால் கோட்டைக் காட்டுவது வேறு, ஆளை வெளியேற்றுவது வேறு. முன்னதைச் செய்பவன் ஆசிரியன். பின்னதைச் செய்தவன் நான்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த விழாவுக்காகச் செயலாளர் நம் வட்டத்தின் முதலாண்டு வருகைப் பதிவேட்டை என்னிடம் காட்டினார். அன்று கையெழுத்திட்ட பலர் இன்று இந்த அவையில் இல்லை. சிலர் மறைந்தனர், சிலர் ஊர் மாறினர். ஆனால் சிலர் இதே ஊரில், இரண்டு தெருவுக்கு அப்பால் இருக்கிறார்கள். தம் கவிதையை இங்கே படித்த அன்று யாரோ சிரித்ததால் அவர்கள் வராமலிருக்கலாம். அந்த ‘யாரோ’ நாமாகவும் இருக்கலாம். அவர்களிடம் சென்று “நலமா?” என்று கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். “அடுத்த கூட்டத்துக்கு ஓர் ஈற்றடி தந்திருக்கிறோம், உங்களுடையதும் வேண்டும்” என்று கேளுங்கள். தர மனமில்லாவிட்டால் வெறுமனே வந்து அமரச் சொல்லுங்கள். அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, நாற்காலியை முன்னதாகவே போட்டுவையுங்கள்.

சோழன் செய்தது அதுதான். மதுரை ஐயா செய்ததும் அதுதான். இந்த வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் அதைச் செய்ய வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.