மடக்கு மடக்காக

உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைகளில் இன்று பரவலாகச் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். சிகிச்சை முடிந்த புதிதில் அதற்குள் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும்.

வீடு திரும்பியதும் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகக் கவலை. மடமடவென்று அண்ணாந்து குடித்துப் பழகியவர்களால் இனி அப்படிக் குடிக்க முடியாது. நெஞ்சு அடைக்கும், குமட்டும். அதனாலேயே குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். உடலில் நீர் வற்றி, மறுபடி மருத்துவமனையில் சேர நேர்கிறது. பக்கத்திலேயே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். ஆனால் சாப்பாட்டின் நடுவே வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழியட்டும். சோடா, கோலா வகைகள் அறவே கூடாது.

முதலில் திரவ உணவு, பிறகு மசித்தது, அதன்பின் குழைவானது, கடைசியில்தான் வழக்கமான உணவு. எப்போது எது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். தட்டில் முட்டை, பருப்பு, மீன், தயிர் முதலில் தீரட்டும், சோறு அப்புறம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று அன்பாக ஊட்டாதீர்கள். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வரும். வாந்தி நிற்காமல், தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.