கண்மாய் தயாரா?

அபிராமம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. "காவேரித் தண்ணி நம்ம குண்டாத்துக்கு வருமாமே, எப்ப வரும்?" என்று கேட்கிறீங்க. நியாயமான கேள்வி.

நாட்டின் நதிகளை இணைக்க மத்திய அரசு 1980-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. மகாநதி, கோதாவரி என்று தொடங்கி வருகிற வரிசையிலே கடைசியாக நிற்பது காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு. தண்ணீர் மாநிலங்களின் பொறுப்பு. மாநிலம் தாண்டி ஓடுகிற ஆறு என்றால் மத்திய அரசுக்கும் அதிகாரம் உண்டு. ஆக, எல்லாரும் ஒத்துக்கிட்டால்தான் வேலை நடக்கும்.

வடக்கத்தித் தண்ணீருக்காகக் காத்திராமல், காவிரி வெள்ள உபரியைக் கொண்டுவர மாயனூரிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய்க்குத் தமிழக அரசு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. கர்நாடகம் ஆட்சேபித்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இது வெள்ள உபரிக்கான கால்வாய். வருஷம் முழுக்க ஓடாது. நாமோ கடைமடை. வந்த தண்ணியைப் பிடித்து வைக்கக் கண்மாய் தயாரா இருக்க வேண்டாமா?

ஐப்பசி மழைக்கு முன்னாலேயே வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்க. மடை, கலுங்கைப் பழுது பாருங்க. மேல்கண்மாய்க்காரரும் கீழ்கண்மாய்க்காரரும் உட்கார்ந்து முறை பேசிக்குங்க. அந்த வேலை மழைத் தண்ணிக்கும் உதவும்.

மாநிலங்கள் ஒத்துப்போகணும் என்கிறோம். பக்கத்துப் பக்கத்துக் கண்மாய்க்காரர் நாம் ஒத்துப்போக வேண்டாமா?