அவர் நமக்கும் மகாராணியாக இருந்தார்



பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத் 2022 செப்டெம்பர் 8ஆம் திகதி தமது 96ஆவது வயதில் காலமானார். 70 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தவர். அதில் முதல் 20 ஆண்டுகள் அவர் இந்த நாட்டுக்கும் இராணி. அந்த 20 ஆண்டுகளில் நம் மக்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

அவர் பிறந்தது 1926 ஏப்ரல் 21இல். ஒருநாள் முடிசூடுவார் என்று அப்போது எவரும் எண்ணவில்லை. 1936இல் அவரது பெரியப்பா எட்டாம் எட்வேர்ட் முடியைத் துறந்தார். தகப்பனார் ஆறாம் ஜோர்ஜ் மன்னரானார். உலக யுத்தத்தின் கடைசி வருடமான 1945இல் எலிசபெத் பெண்கள் இராணுவப் பிரிவில் சேர்ந்து, வாகனம் ஓட்டவும் எஞ்சின் பழுதுபார்க்கவும் பழகினார். 1952 பெப்ரவரி 6ஆம் திகதி தகப்பனார் இறந்தபோது அவர் கென்யாவில் இருந்தார். வயது 25. அன்றே இராணியானார்.

1953 ஜூன் 2ஆம் திகதி முடிசூட்டு விழா. அன்று அவர் அணிந்த உடையில் தம் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சின்னம் தைக்கப்பட்டிருந்தது. இலங்கைக்குத் தாமரைப் பூ. 1954 ஏப்ரலில் அவர் கொழும்புக்கு வந்தார். அதே உடையோடு நமது பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தார்.

தோழர்களே, அந்தப் பாராளுமன்றத்தில் நமது குரல் இல்லை!

1947 தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியன் காங்கிரசின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 ஏப்ரலில் நமது தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். பலன் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாக்களிக்க முடியவில்லை.

இந்தச் சட்டங்களை எலிசபெத் இராணி கொண்டுவரவில்லை. அவர் ஆட்சிக்கு வருமுன்பே நமது நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியவை அவை. உண்மையை உண்மையாகவே சொல்ல வேண்டும். ஆனால் அன்று நமக்கு இறுதி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில். கொடக்கன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கேட்ட வழக்கு அங்குவரை போனது. 1953இல், முடிசூட்டு விழா நடந்த அதே வருடத்தில், அந்தச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மகாராணியின் பெயரால் இயங்கிய நீதிமன்றமும் கதவை மூடிவிட்டது.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மீதியைப் பின்னர் பார்ப்பது என்று முடிவானது. நம்மிடம் எவரும் கேட்கவில்லை. ஒரு லயத்திலேயே அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

1972 மே 22இல் இலங்கை குடியரசானது. எலிசபெத் நமக்கு இராணியாக இருந்த காலம் முடிந்தது. முடி போனது, நமது பிரச்சினை போகவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. முடிசூட்டு விழா நடந்து சரியாக 50 வருடங்களுக்குப் பிறகு.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று. உடையில் பூத் தைத்தாலும் உரிமை வந்துவிடாது. உரிமை இருப்பது பிறப்புச் சான்றிதழில், அடையாள அட்டையில், வாக்காளர் இடாப்பில். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்: பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கிறதா? கலியாணம் முடித்து வந்த மருமகளின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நமது பாட்டன் பாட்டிமார் அந்த ஒரு பெயருக்காக லண்டன்வரை வழக்காடினார்கள். அதை நாம் அலட்சியமாக விடலாமா?