ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, அப்புறம்?

திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது. “ஒன்றுமில்லை, கேஸ் டிரபிள்தான்” என்று வீடு திரும்புகிறார்கள். பேனிக் அட்டாக் எனும் இந்தத் திடீர்ப் பதற்றத் தாக்குதல் வந்த பலருக்கும் வைத்தியம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அது தொடங்க வேண்டிய இடமே இதுதான் என்கிறேன்.

இதயம் நன்றாக இருப்பதால் அந்த வேதனை பொய்யாகிவிடாது. ஆபத்தைக் கண்டால் ஓடவோ எதிர்க்கவோ நம் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். இங்கே ஆபத்து இல்லாமலே அது சுரக்கிறது. வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. அதைப் பார்த்து, பக்கவாதமோ என்று பயம் கூடுகிறது. பயம் கூட, மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். உடம்பின் அறிகுறியைப் பேராபத்து என்று மனம் தவறாக எடுத்துக்கொள்வதே இந்தச் சுழலை ஓட்டுகிறது என்று 1986இல் விளக்கினார் உளவியலாளர் டேவிட் கிளார்க். மாத்திரை இல்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் இதை மாற்றலாம் என்பதற்கு அந்த விளக்கம் முக்கிய அடிப்படை. மாற்றாமல் விட்டால், மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சம் ஆளைச் சுருக்கிவிடும். காவிரிப் பாலத்தில் பேருந்து நின்றால் பயம். ஸ்ரீரங்கம் ஏகாதசிக் கூட்டம் என்றால் பயம். கடைசியில் வீட்டு வாசலைத் தாண்டவே பயம்.

நெஞ்சுவலியைப் பதற்றம் என்று ஒதுக்கலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதயம், தைராய்டு எல்லாம் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சு. மருத்துவர் மாத்திரை தந்தால் அது பழக்கமாகிவிடாதா? உடனே படபடப்பை அடக்கும் சில மாத்திரைகள் பழகும், அதனால் அவற்றைக் கொஞ்ச காலத்துக்கே தருவார்கள். நீண்ட நாள் எடுப்பவை வேறு வகை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனநோய் தீரும் என்று பலர் நம்பும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போனால் போதாதா? பெருமாளை நம்புவது பலம்தான். போய் வாருங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்ததே நம் திருச்சிக்குத்தான், 1997இல். ஆனாலும் பதற்றம் போன்ற மனநலக் கோளாறு உள்ளவர்களில், நாடு முழுக்க, 100க்கு 80 பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை என்றது 2015-16 தேசிய மனநல ஆய்வு. அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் உரிமை. புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எது என்று தயங்காமல் கேளுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.